மின் அலையில் வரைந்த கோலங்கள்

(முன்னாள் மாணவர், ஈ.சி.இ. பிரிவு, 2007–2011)

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோதே ஒரு நிபந்தனையும் போட்டுவிட்டார்கள். "கல்லூரியோட பெருமை, ஹாஸ்டல் சாப்பாடு, பஸ்ஸுல போன கதை எல்லாம் எழுத நெறய பேரு இருக்காங்க. நீ டெக்னிக்கலா ஒண்ணு எழுதுடே. ஆனா நம்ம வீட்டுக்காரம்மாவும் படிச்சுப் புரிஞ்சுக்கணும்" என்றார் சீனியர் அண்ணன் ஒருவர். ஆகவே சமன்பாடுகளை மூட்டை கட்டி வைத்துவிட்டு, நம் எல்லோர் கண்ணிலும் பட்டிருந்தும் நாம் அதிகம் யோசித்துப் பார்க்காத ஒரு சரித்திரத்தைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். கம்ப்யூட்டர் வருமுன்னே டி.வி. திரையில் படங்கள் சுழன்றதும், நெளிந்ததும், ஒளிர்ந்ததும் எப்படி என்ற கதை அது.

தூர்தர்ஷனின் கண்

முதலில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்குவோம். ஷெனாய் ஓசையோடு இரண்டு வளைவுகள் சுழன்று சுழன்று வந்து, நடுவில் உள்ள உருண்டையைச் சுற்றி ஒரு கண்ணாக நிற்குமே, அந்தத் தூர்தர்ஷன் சின்னம்! இன்றைக்கு நாற்பது வயதைத் தாண்டிய எவரிடமும் அந்த ராகத்தை முணுமுணுத்துப் பாருங்கள். ஒரு நிமிடம் அப்படியே நின்றுவிடுவார்கள்.

அகமதாபாத்தில் 1961-ல் தொடங்கப்பட்ட தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அந்தச் சின்னம் பிறந்தது. 1974-ல் அங்கே மாணவர்களும் ஆசிரியர்களும் வரைந்து கொடுத்த பல வடிவங்களுள் தேவாசிஷ் பட்டாச்சார்யா என்ற மாணவரின் வடிவத்தைப் பிரதமர் இந்திரா காந்தி தேர்ந்தெடுத்தார். அதை அசையும் படமாக்கியவர் ஆர்.எல். மிஸ்திரி. இசை, பண்டிட் ரவிசங்கரும் உஸ்தாத் அலி அகமது உசேன் கானும் சேர்ந்து அமைத்தது. வானொலியிலிருந்து பிரிந்து தூர்தர்ஷன் தனி நிறுவனமான 1976 ஏப்ரல் 1 அன்று அது திரையேறியது.

இதில் நான் ரசிக்கும் விஷயம் ஒன்று உண்டு. பார்த்தால் ஏதோ பெரிய எலக்ட்ரானிக் கருவியில் செய்த மாதிரி இருக்கிறது அல்லவா? உண்மையில் அது கைவேலை. வரைந்த படத்தின் பிரதிகளைக் கேமராவுக்கு அடியில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் திருப்பிப் படமெடுத்து, கடைசியில் கண் வடிவத்துக்குக் கொண்டு வந்து நிறுத்தினார்கள். அதே காலத்தில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இந்த மாதிரியான தோற்றத்துக்கென்றே கருவிகள் வந்துவிட்டன. அவற்றுக்குப் பெயர் வீடியோ சிந்தசைசர்.

கோடு கோடாக ஒரு படம்

அந்தக் கருவியைப் புரிந்துகொள்ள, பழைய படக்குழாய் டி.வி.யின் உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்க்க வேண்டும். (தம்பிமார்களே, மனதால் மட்டும் எட்டிப் பாருங்கள்! கலர் படக்குழாயில் 25,000 வோல்ட் வரை இருக்கும். பின்மூடியைக் கழற்றி விளையாடாதீர்கள்.)

குழாயின் பின்னாலிருந்து வரும் எலக்ட்ரான் கற்றை, நாம் புத்தகம் படிப்பது போல இடமிருந்து வலமாக ஒரு கோடு போடும். சட்டென்று இடப்பக்கம் திரும்பி அடுத்த கோடு. நம் நாட்டு முறையில் ஒரு படத்துக்கு 625 கோடுகள். விநாடிக்கு 25 படங்கள். பெருக்கிப் பார்த்தால் விநாடிக்கு 15,625 கோடுகள்! படத்தை ஒற்றைப்படைக் கோடுகள், இரட்டைப்படைக் கோடுகள் என்று இரண்டு தவணையாக வரைவதால், கற்றை மேலிருந்து கீழாக விநாடிக்கு 50 தடவை பயணம் போகிறது.

சாதாரணமாகக் கேமராவிலிருந்து வரும் மின் அழுத்தம்தான் அந்தக் கற்றையைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும். கேமராவைக் கழற்றிவிட்டு, நம் ஆய்வகத்துச் சிக்னல் ஜெனரேட்டரை அங்கே இணைத்தால் என்ன ஆகும்? 500 ஹெர்ட்ஸ் கொடுத்தால், கற்றை ஒரு தடவை மேலிருந்து கீழே வருவதற்குள் அலை பத்துத் தடவை ஏறி இறங்கிவிடும். திரையில் பத்துப் படுக்கைப் பட்டைகள் தெரியும். 1,56,250 ஹெர்ட்ஸ் கொடுத்தால் ஒவ்வொரு கோட்டுக்குள்ளும் பத்து ஏற்ற இறக்கம். அவை ஒன்றின் கீழ் ஒன்று அடுக்கி நிற்பதால் செங்குத்துப் பட்டைகள். இரண்டையும் கலந்தால் கட்டம் போட்ட லுங்கி! 500-ஐ 501 ஆக்கினால் படுக்கைப் பட்டைகள் விநாடிக்கு ஒன்று வீதம் மெள்ள நகர ஆரம்பிக்கும். ஒரே ஒரு ஹெர்ட்ஸ் மாற்றம், சித்திரம் உயிர் பெற்றுவிட்டது.

வீடியோ சிந்தசைசரின் அடிப்படை இவ்வளவுதான். சைன் அலை, முக்கோண அலை, ரம்ப அலை ஆகியவற்றைக் கலந்தும் வெட்டியும், வட்டம், சாய்சதுரம், நெளியும் துணி என்று வரைகிறோம். எண்ணும் இல்லை, நினைவகமும் இல்லை, பிக்ஸலும் இல்லை. மின் அழுத்தமே தூரிகை. குமிழைத் திருகினால் அந்தக் கணமே படம் மாறும். நேற்று வந்த அதே படம் இன்று அப்படியே திரும்பி வராது. அறையின் சூடு கொஞ்சம் ஏறினால்கூட ஆசிலேட்டர் நகர்ந்துவிடும். அந்த மிருதுவான விளிம்பும், லேசான நடுக்கமும், வழிந்தோடும் வண்ணமும் இதனால் வந்தவை.

பீரங்கி வரைந்த பூக்கள்

இந்தக் கலையின் முன்னோடிகளில் பலர் நம்மைப் போன்ற ஒயர் பிடிக்கிற ஆட்கள்தான். அமெரிக்காவில் பென் லபோஸ்கி என்பவர் 1950-களின் தொடக்கத்திலேயே ஆசிலாஸ்கோப் திரையில் தோன்றிய வளைவுகளைப் புகைப்படமெடுத்துக் கண்காட்சி வைத்தார். நாம் இரண்டாம் ஆண்டில் 'லிஸ்ஸாஜூ படம்' என்று ரெக்கார்டு நோட்டில் ஒட்டியதன் தாத்தா அவை! ஜான் விட்னி, போர் முடிந்து கழித்துக் கட்டப்பட்ட விமான எதிர்ப்புப் பீரங்கியின் குறிபார்க்கும் கருவியை வாங்கி, அதையே படம் வரையும் இயந்திரமாக மாற்றினார். எதிரி விமானம் அடுத்த நொடி எங்கே இருக்கும் என்று கணக்கிட்ட பற்சக்கரங்கள் பூக்களையும் சுருள்களையும் வரைந்தன. 1961-ல் அவர் தொகுத்த 'கேட்டலாக்' என்ற குறும்படம் இன்றும் பார்க்கக் கிடைக்கிறது.

1963-ல் இங்கிலாந்தின் பி.பி.சி., 'டாக்டர் ஹூ' தொடரின் தலைப்புக் காட்சிக்கு இன்னொரு தந்திரம் செய்தது. கேமராவை அதே கேமராவின் மானிட்டரை நோக்கித் திருப்பி வைத்தார்கள். சலூனில் முன்னும் பின்னும் கண்ணாடி இருந்தால் நம் தலை வரிசையாக முடிவில்லாமல் போகுமே, அதே சங்கதி. மின்சாரத்தில் அது செய்யும்போது புகை போலவும் நெருப்பு போலவும் படம் தானாகப் பெருகுகிறது.

அதே 1963-ல் கொரியாவில் பிறந்த நாம் ஜூன் பைக், ஜெர்மனியில் வுப்பர்டால் நகரக் கண்காட்சியில், உள்ளே கை வைத்து மாற்றிய டி.வி. பெட்டிகளை வைத்தார். பிறகு ஜப்பானிய எஞ்சினியர் ஷூயா ஆபேயுடன் சேர்ந்து 1969–70-ல் பாஸ்டன் டி.வி. நிலையத்துக்காக ஒரு வீடியோ சிந்தசைசரைக் கட்டினார். கலை உலகம் பைக்கைக் கொண்டாடுகிறது. சோல்டரிங் அயர்ன் பிடித்த ஆபேயின் பெயர் அநேகமாக அடைமொழியில்தான் வருகிறது. நம் இனத்துக்கு எங்கேயும் அதே கதிதான்!

ஸ்டீபன் பெக், எரிக் சீகல், ஸ்டீவ் ரட்–பில் எட்ரா ஜோடி என்று 1970-லிருந்து ஆளுக்கொரு கருவி செய்தார்கள். சிகாகோவில் டான் சாண்டின், தம்முடைய இமேஜ் பிராசசரின் சர்க்யூட் வரைபடங்கள் அத்தனையையும் கேட்டவருக்கெல்லாம் கொடுத்தார். "செய்து பாருங்கள், மேம்படுத்தினால் எனக்கும் சொல்லுங்கள்" என்பதே அவர் கொள்கை. ஹாஸ்டலில் ஒரே ஒரு நோட்டு அறுபது பேருக்கு ஜெராக்ஸ் ஆன தத்துவத்தை அவர் உலக அளவில் நடத்திக் காட்டினார்.

தொழில் ரீதியாகப் பெரிதாக வந்தது லீ ஹாரிசனின் ஸ்கேனிமேட், 1969-ல். ஒரு பெயரையோ சின்னத்தையோ கறுப்பு வெள்ளையில் தீட்டிக் கேமரா முன் வைப்பார்கள். அது ஒரு தனி மானிட்டரில் தெரியும். அந்த மானிட்டரின் கற்றையைச் செலுத்தும் மின் அழுத்தத்தில் அலைகளைக் கலந்தால், எழுத்து வளையும், சுருளும், பறந்து போகும். அந்த மானிட்டரை இன்னொரு கேமரா மறுபடி படமெடுத்து, வண்ணம் பூசி அனுப்பும். 1970-களிலும் 80-களின் தொடக்கத்திலும் டி.வி.யில் பறந்து வந்த ஒளிரும் எழுத்துகளில் பெரும் பங்கு இதன் உபயம். அப்புறம் டிஜிட்டல் கருவிகள் வந்தன. ஸ்கேனிமேட் குப்பைக்குப் போனது. பத்துக்கும் குறைவாகவே செய்யப்பட்ட அந்த இயந்திரத்தை, அதில் வேலை பார்த்த எஞ்சினியர் ஒருவர் காப்பாற்றி இன்றும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

நம் நாட்டில்?

"இதெல்லாம் சீமைச் சமாச்சாரம்" என்று நினைக்க வேண்டாம். மின் அழுத்தத்தை எண்ணாகப் பாவித்துக் கணக்குப் போடும் அனலாக் கம்ப்யூட்டரை, கல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்தில் சமரேந்திர குமார் மித்ரா 1953-லேயே செய்துவிட்டார். 1969-ல் அதே அகமதாபாத் வடிவமைப்பு நிறுவனத்துக்கு ஒரு மூக் சிந்தசைசர் வந்திறங்கியது. அமெரிக்க இசைக் கலைஞர் டேவிட் டியூடர் வந்து அதை நிறுவிக் கொடுத்தார். ஒலி அலைகளை மின் அழுத்தத்தால் ஆட்டிவைக்கும் கருவி அது. வீடியோ சிந்தசைசருக்கு உடன்பிறந்த அண்ணன் என்று சொல்லலாம்.

அதற்கு முயன்றவர் கீதா சாராபாய். அவருடைய உடன்பிறந்தவர்களான கௌதமும் கிராவும் அந்த நிறுவனத்தை வளர்த்தவர்கள். இன்னொரு சகோதரர்தான் விக்ரம் சாராபாய்! விண்வெளியிலிருந்து கிராமத்துக்கு டி.வி. என்று கனவு கண்டவர். அவர் 1971-ல் மறைந்தாலும், 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டு, செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்கு டி.வி. போனது. அதே வழியில் வந்த விண்வெளித் துறை இன்று நம் மாவட்டத்து மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கிறது. காவல்கிணறு பக்கம் பஸ்ஸில் போகும்போது அந்த மலையைப் பார்த்தால், ஒரு குடும்பத்தில் இசைக்கருவியும், சின்னமும், செயற்கைக்கோளும் ஒன்றாகக் கலந்தது நினைவுக்கு வரட்டும்.

இதே சமயம் பம்பாயில் ஓவியர் அக்பர் பதம்சி, நேரு ஃபெலோஷிப் பணத்தில் ஒரு பட்டறை அமைத்தார். எண் கணக்கை அடிப்படையாக வைத்துக் கோடுகளும் புள்ளிகளும் வரைந்து, சுமார் ஆயிரம் சித்திரங்களிலிருந்து 1970-ல் 'சிசிஜி' என்ற 11 நிமிட மௌனப் படத்தை எடுத்தார். கம்ப்யூட்டர் இல்லாமல், கம்ப்யூட்டர் மாதிரி யோசித்து எடுத்த படம்! அவர் எடுத்த இன்னொரு படத்துக்கு இருந்தது ஒரே ஒரு பிரதி. அது தொலைந்தே போய்விட்டது. பல பத்தாண்டுகள் கழித்து, 2016-ல், முதியவரான பதம்சியை நினைவிலிருந்து சொல்லச் சொல்லி இயக்குநர் ஆஷிம் அலுவாலியா அதைப் பற்றி ஒரு குறும்படம் எடுத்தார். பதம்சி 2020 ஜனவரியில் நம் கோயம்புத்தூரில் காலமானார்.

பிலிம்ஸ் டிவிஷனில் பிரமோத் பதி என்பவர் 'எக்ஸ்ப்ளோரர்' (1968), 'அபித்' (1972) போன்ற விசித்திரக் குறும்படங்களை எடுத்தார். மெயின் படத்துக்கு முன் பிலிம்ஸ் டிவிஷன் படம் காட்டியே ஆக வேண்டும் என்ற சட்டம் இருந்த காலம். "நியூஸ் ரீல் முடியட்டும்வே, ஒரு டீ குடிச்சிட்டு வந்திருவோம்" என்று கிளம்பியவர்கள் எத்தனை புதுமைகளைத் தவறவிட்டார்களோ!

தாம்பரத்தில் ஒரு கோலம்

தமிழ்நாட்டுப் பங்கு என்ன? தூர்தர்ஷன் கண் வரையப்பட்ட அதே 1974-ல், தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்கள். வாசலில் நம் அம்மாமார் போடும் புள்ளிக் கோலத்துக்கு ஓர் இலக்கணம் உண்டு. சில விதிகளைத் திரும்பத் திரும்பப் பிரயோகித்தால் கோலம் தானே வளரும் என்று காட்டினார்கள். வெளிநாட்டுப் பாடநூல்களில் கூட இன்று அது மேற்கோளாகிறது. குமிழைத் திருகி வளைவு வரைந்தவர்கள் ஒரு பக்கம். விதியை எழுதி வளைவு வரைந்தவர்கள் மறு பக்கம். பிற்பாடு வென்றது இரண்டாவது வழிதான். ஆனால் இரண்டுக்கும் ஆசை ஒன்று: கை ஓயாமல் தானே வளரும் சித்திரம்.

தாமிரபரணிக்கு வந்த ரூபவாஹினி

சென்னையில் 1975 ஆகஸ்டு 15-ல் டி.வி. வந்தாலும், அதன் அலைகள் நம்மூர் வரை வரவில்லை. நம் பக்கத்து மூத்தவர்களின் முதல் டி.வி. இலங்கையின் ரூபவாஹினி. 1982 பிப்ரவரி 15-ல் தொடங்கிய அந்த நிலையம், 2,500 மீட்டருக்கும் உயரமான பிதுருதலாகல மலையிலிருந்து ஒளிபரப்பியது. இடையில் மறைக்க மலை ஏதும் இல்லை, மன்னார் வளைகுடாதான். பாளையங்கோட்டை, தூத்துக்குடி மாடிகளில் பனைமர உயரத்துக்கு ஆன்டெனாக்கள் எழுந்தன. ஒருத்தர் மேலே ஏறிக் கம்பியைத் திருக, "இன்னும் கொஞ்சம் கெழக்க திருப்புலே... ஏ போதும் போதும், போயிட்டு பாரு!" என்று தெருவே கத்தும். இலங்கைக்குத் தாம்பபண்ணி என்று ஒரு பழம்பெயர் உண்டு. நம் ஆற்றின் பெயரும் அதுவும் ஒன்றுபோல ஒலிப்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

கடல் மேல் சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் அடுக்கடுக்காக நிற்கும் நாட்களில் அலைகள் வளைந்து வெகுதூரம் வரும். அன்றைக்குப் படம் கண்ணாடி மாதிரி. அடுத்த நாள் காற்று மாறினால் ஒரே ஆளுக்கு மூன்று நிழல், நிறம் போய் வரும், கோடுகள் நெளியும். நாம் ஜூன் பைக் காந்தத்தை வைத்துச் செய்ததை, நெல்லைக்குக் கடல் காற்று இலவசமாகச் செய்து காட்டியது!

1983 ஆகஸ்டில் இன்சாட்-1பி ஏறிய பின், 1984-ல் நாடெங்கும் சிறு டிரான்ஸ்மிட்டர்கள் முளைத்தன. 'ஒளியும் ஒலியும்', 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' எல்லாம் நம் வீட்டுக்குள் வந்தன. அந்த அத்தியாயமும் முடிந்தது. எல்லைப்புறம் போன்ற ஐம்பது சொச்ச இடங்கள் நீங்கலாக, தூர்தர்ஷனின் அனலாக் தரைவழி ஒளிபரப்பு 2022 மார்ச்சுக்குள் மூடப்பட்டது.

ஒரு வேண்டுகோள்

இன்று இளைஞர்கள் போனில் ஒரு ஆப் போட்டு, எடுத்த வீடியோவை வேண்டுமென்றே பழசாக்குகிறார்கள். கோடு விழ வைக்கிறார்கள், வண்ணம் வழிய விடுகிறார்கள். அமெரிக்காவில் புதிதாகவே அனலாக் வீடியோ சிந்தசைசர்கள் விற்பனைக்கு வந்துள்ளன. அந்தக் காலத்து எஞ்சினியர் ஒழிக்கப் படாதபாடு பட்ட குறைகள் எல்லாம் இன்று அழகு! இதைக் கேலி செய்ய நான் வரவில்லை. ஆனால் அந்தத் தோற்றம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்து செய்தால் இன்னும் நன்றாகச் செய்யலாம்.

தெரிந்துகொள்ளப் பொருள் மிச்சம் இருக்க வேண்டுமே, அதுதான் கவலை. அகமதாபாத் மூக்கில் 1969 முதல் 1972 வரை பதிவான நாடாக்கள் யாரும் தொடாமல் கிடந்தன. பால் பர்கஸ் என்ற பிரிட்டிஷ் கலைஞர் தேடிப் போனதால் அவை மீண்டு, 2023-ல் இசைத்தட்டாக வெளிவந்தன. பதம்சியின் படத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. பிழைத்ததற்கும் அழிந்ததற்கும் இடையில் இருந்தது ஒரு அலமாரியும், "இதைத் தூக்கிப் போட வேண்டாம்" என்று சொன்ன ஒரு ஆளும்தான்.

நம் ஆய்வகத்தில் பச்சைத் திரை சி.ஆர்.ஓ.க்கள் கழிவுப் பட்டியலுக்குப் போயிருப்பதாகக் கேள்விப்பட்டேன். கிலோ கணக்கில் காயலான் கடைக்குப் போனால் என்ன கிடைத்துவிடும்? ஒரே ஒரு மேசை ஒதுக்குங்கள். இரண்டு சி.ஆர்.ஓ., இரண்டு சிக்னல் ஜெனரேட்டர், ஒரு படக்குழாய் டி.வி. போதும். மேலே சொன்ன 500, 501 ஹெர்ட்ஸ் விளையாட்டை மாணவர்கள் தாங்களே கண்ணால் பார்க்கட்டும். ஆகும் செலவை எங்கள் செட் ஏற்றுக்கொள்ளத் தயார். அந்தக் கருவிகளை இத்தனை வருடம் ஓட வைத்த ஆய்வக அண்ணாச்சிமார் சிலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். எந்தக் கருவிக்கு எந்த இடத்தில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும் என்பது அவர்களுக்கு மட்டுமே தெரியும். அதை எழுதி வாங்கி வைக்க வேண்டும்.

இன்னொன்று. 80-களிலும் 90-களிலும் எடுத்த கல்லூரி விழா வி.எச்.எஸ். கேசட்டுகள் உங்கள் வீட்டுப் பரணில் இருக்கலாம். நம்மூர் ஈரத்தில் பூஞ்சை ஏறும். நாடாவின் காந்தப் பூச்சும் உதிரும். வி.சி.ஆர். தயாரிப்பு உலகிலேயே 2016-ல் நின்றுவிட்டது. ஓடுகிற வி.சி.ஆர். என்னிடம் ஒன்று இருக்கிறது. ஒன்றுகூடல் அன்று அதை ஈ.சி.இ. ஆய்வகத்துக்குக் கொண்டு வருகிறேன். பூஞ்சை தெரிந்தால் வீட்டில் போட்டுப் பார்க்காதீர்கள், ஹெட் கெட்டு நாடாவும் அறுந்துவிடும். அப்படியே ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். மதியச் சாப்பாடு முடிந்ததும் ஆரம்பித்துவிடலாம்.